நா அசையாவிட்டாலும் பேசலாம்!

2023 ஆகஸ்ட், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். சக்கர நாற்காலியில் ஒருவர், எதிரே கணினித் திரை. திரையில் ஒரு வாக்கியம் தோன்றுகிறது. அதை அவர் வாய்விட்டுச் சொல்ல முயல்கிறார். உதடும் நாக்கும் ஒத்துழைக்கவில்லை, குழறலான ஓசைதான் வெளியே வருகிறது. ஆனால், அவர் சொல்ல முயன்ற சொற்கள் ஒவ்வொன்றாக, சரியாக, திரையில் வந்து நிற்கின்றன. அந்த மனிதர் அழுதுவிட்டார். சுற்றி நின்ற ஆய்வாளர்களும் அழுதார்கள்.

அவர் பெயர் கேஸி ஹேரல். வயது நாற்பதுகளின் நடுவில். பருவநிலை மாற்றத்துக்கு எதிராகக் களத்தில் நின்றவர். நாலு பேரிடம் பேசி மனதை மாற்றுவதுதான் அவருடைய வேலையே. ஏ.எல்.எஸ். நோய் முதலில் அவருடைய கை கால்களை முடக்கியது, பிறகு பேச்சைத் தின்றது. அவருக்கு ஒரு சின்ன மகள். அப்பாவின் தெளிவான குரலைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் வயது அவளுக்கு வருவதற்குள் அந்தக் குரல் போய்விட்டது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டேவிட் பிராண்ட்மேன் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் செர்கேய் ஸ்டாவிஸ்கி என்ற நரம்பியல் ஆய்வாளரும் நடத்தும் ஆய்வில் ஹேரல் தன்னார்வலராகச் சேர்ந்தார். 2023 ஜூலையில் அறுவை சிகிச்சை செய்து அவருடைய மூளையில் சில்லுகளைப் பொருத்தினார்கள். 25 நாள்கள் கழித்துக் கருவியை இயக்கினார்கள். முதல் நாள் அரை மணி நேரப் பயிற்சிதான். 50 சொற்கள் கொண்ட சிறிய பட்டியலுக்குள் 99.6 சதவீதம் சரியாக வந்தது. அடுத்த நாள் பட்டியலை 1,25,000 சொற்களாக விரித்தார்கள். இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியில் 90 சதவீதம் வந்தது. அதன் பிறகு எட்டு மாதங்களுக்கும் மேலாக 97.5 சதவீதத்தில் நிலைத்து நின்றது. அதாவது, 40 சொற்களுக்கு ஒன்றுதான் தப்பு. 2024 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இந்த முடிவுகள் வெளியானபோது, அவர் இந்தக் கருவி வழியே 248 மணி நேரம் பேசி முடித்திருந்தார். சோதனைக்காகக் கொடுத்த வாக்கியங்களைச் சேர்க்காத கணக்கு இது. வீட்டாரோடும் நண்பர்களோடும் அவர் தானாகப் பேசிய பேச்சு.

இன்னொன்றும் செய்தார்கள். நோய் வருவதற்கு முன்பு அவர் பேசிய பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, திரையில் வரும் சொற்களை அவருடைய சொந்தக் குரலிலேயே ஒலிக்க வைத்தார்கள்.

இந்தக் கட்டுரைக்கு அந்த ஒலிப்பதிவு முக்கியம். கடைசியில் அதற்கு வருகிறேன்.

உள்ளே எல்லாம் இருக்கிறது

ஏ.எல்.எஸ். என்பதை நம் ஊர் மருத்துவர்கள் பெரும்பாலும் ‘மோட்டார் நியூரான் நோய்’ என்றே சொல்வார்கள். தசைகளுக்கு ஆணை கொண்டுபோகும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஆணை வராத தசை இளைத்து, துடித்து, செயலிழக்கிறது. சிலருக்குக் கையில் தொடங்கும். சட்டைப் பொத்தான் போட முடியாது, சாவியைத் திருப்ப முடியாது. சிலருக்குக் காலில் தொடங்கும், செருப்பு நழுவும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கும். எங்கே தொடங்கினாலும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு கட்டத்தில் பேச்சு போய்விடும்.

பார்வை, கேள்வி, தொடு உணர்ச்சி எல்லாம் இருக்கும். சிலருக்குச் சிந்தனையிலும் நடத்தையிலும் மாற்றங்கள் வருவதுண்டு. ஆனால் பலருக்கும் அறிவும் நினைவும் பாசமும் கோபமும் அப்படியே இருக்கும். ஊரின் துணை மின்நிலையத்தில் மின்சாரம் இருக்கிறது, வீட்டுக்கு வரும் கம்பிதான் அறுந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாததால்தான், பார்க்க வரும் உறவுகள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, “நினைவு இருக்கா பாவம்?” என்று வீட்டாரிடம் கேட்கிறார்கள். படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. பதில் சொல்லத்தான் வழியில்லை.

நோய்க்குறி தெரிந்த பிறகு பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே ஆயுள் என்பதுதான் மருத்துவம் சொல்லும் கணக்கு. 1995இல் வந்த ரிலுசோல் மருந்து சில மாதங்களைக் கூட்டித் தருகிறது. 2023இல் வந்த டோஃபர்சன், எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள சிறு பிரிவினருக்கு மட்டும் உரியது. குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் இந்த நோய் கண்டறியப்பட்டது. 2018 வரை வாழ்ந்தார். அது அரிதிலும் அரிது. 1985இல் மூச்சுக்குழாயில் துளையிட்ட பிறகு அவர் குரலை இழந்தார். கடைசி ஆண்டுகளில் கன்னத்துத் தசை ஒன்றைச் சுருக்கி, மூக்குக் கண்ணாடியில் பொருத்திய உணரி வழியே எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார். வேகம் நிமிடத்துக்கு ஒரு சொல் அளவுக்கு இறங்கியிருந்தது. உலகம் காத்திருந்து கேட்டது. எல்லோருக்காகவும் உலகம் அப்படிக் காத்திருப்பதில்லை.

‘தண்ணி’ என்று சொல்ல எத்தனை நிமிடம்?

மூளையின் மின்னலைகளை மண்டை ஓட்டுக்கு வெளியிலிருந்தே பதிவு செய்யலாம் என்று ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924இல் கண்டார். அந்த அலைகளைக் கொண்டு கணினியை இயக்க முடியுமா என்ற கேள்வியை 1973இல் லாஸ் ஏஞ்சலிஸில் ழாக் விடால் எழுப்பினார். மூளையையும் கணினியையும் இணைக்கும் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். 1988இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஃபார்வெல், டான்சின் இருவரும் முதல் எழுத்துப் பலகையைச் செய்தார்கள். திரையில் ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 கட்டங்கள். வரிசைகளும் நெடுவரிசைகளும் மாறி மாறி மின்னும். தனக்கு வேண்டிய எழுத்து மின்னும்போது, அதை எதிர்பார்த்திருக்கும் மூளையில் சுமார் 300 மில்லி விநாடி கழித்து ஓர் அலை எழும். அதைப் பிடித்து, எந்த எழுத்து என்று கணினி கண்டுபிடிக்கும். நிமிடத்துக்கு இரண்டு எழுத்துகளுக்குக் கொஞ்சம் மேல்.

தமிழில் இதைப் போட்டுப் பார்ப்போம். 247 எழுத்துகளையும் பலகையில் அடைக்கத் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31. 36 கட்டங்களுக்குள் இவை அடங்கி, இடைவெளிக்கும் அழிப்பதற்கும் இடம் மிஞ்சும். ‘தண்ணி’ என்று கேட்க த், அ, ண், ண், இ என்று ஐந்து தேர்வுகள். அந்தப் பலகையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு தேர்வு தவறினால் அழித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். தொண்டை வறண்டு கிடக்கும் மனிதருக்கு இரண்டு நிமிடம் என்பது நீண்ட நேரம்.

மெதுவானது என்பதற்காக இதை ஒதுக்கிவிட முடியாது. ஸ்காட் மேக்லர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் விஞ்ஞானியாக இருந்தவர். ஏ.எல்.எஸ். வந்த பிறகு, நியூயார்க் மாநிலத்தின் வாட்ஸ்வொர்த் மையம் தந்த மின்முனைத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, எழுத்தெழுத்தாக மின்னஞ்சல் அனுப்பித் தன் ஆய்வுக்கூடத்தைத் தொடர்ந்து நடத்தினார். நாள்தோறும் தலையில் பசை தடவித் தொப்பியைச் சரியாகப் பொருத்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கிடைத்தால், தொப்பி வேலை செய்யும்.

மண்டைக்குள்ளே போனால் சமிக்ஞை இன்னும் தெளிவாகக் கிடைக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2015இல், ஏ.எல்.எஸ். உள்ள 58 வயதுப் பெண்மணி ஒருவருக்கு மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளை வைத்தார்கள். கை அசைவுக்கான பகுதி அது. கையை அசைக்க முயன்றால் போதும், கணினிக்கு ஒரு ‘கிளிக்’ போகும். நிமிடத்துக்கு இரண்டு எழுத்துதான். ஆனால் கருவி முழுக்க உடலுக்குள்ளேயே இருந்தது. ஆய்வாளர் யாரும் பக்கத்தில் இல்லாமல் அவர் அதை வீட்டிலேயே பயன்படுத்தினார். கண் அசைவைப் பின்தொடரும் கருவி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. வெளியே போனால், வெளிச்சத்தில் அது வேலை செய்யாது. மூளைக் கருவி வெளியிலும் உடன் வந்தது. ஏழு ஆண்டுகள் அவர் அதைப் பயன்படுத்தினார். பிறகு, நோயால் மூளைத் திசு சுருங்கியதில் சமிக்ஞை நம்பகமில்லாமல் போனது.

இந்தக் கடைசிச் செய்தியைச் செய்தித்தாள்கள் பெரிதாகப் போடவில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ஏ.எல்.எஸ். தண்டுவடத்தோடு நிற்பதில்லை, மூளையின் இயக்கப் பகுதியையும் அரிக்கிறது. கருவி காது வைத்துக் கேட்கும் அதே இடத்தைத்தான் நோயும் தின்கிறது. ஆகவே, எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது.

பேச்சையே பிடித்தால்?

எழுத்தெழுத்தாகத் தேடும் வழியை விட்டுவிட்டு, பேசும் முயற்சியையே நேராகப் பிடிக்கலாமே என்பதுதான் அடுத்த பாய்ச்சல். ‘த’ என்று சொல்ல நாக்கு நுனி எங்கே தொட வேண்டும், உதடு எவ்வளவு திறக்க வேண்டும், குரல்வளை எப்போது அதிர வேண்டும் என்ற ஆணைகள் மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து கிளம்புகின்றன. தசை கேட்காவிட்டாலும் ஆணை கிளம்புகிறது. பேச முயலும்போதெல்லாம் அது கிளம்பிக்கொண்டே இருக்கிறது.

ஹேரலின் மூளையில் வைத்த சில்லுகள் நான்கு. ஒவ்வொன்றும் 3.2 மில்லிமீட்டர் சதுரம். அதிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில் 64 நுண்ணிய ஊசிகள் மூளைக்குள் இறங்குகின்றன. மொத்தம் 256. பக்கத்திலிருக்கும் நரம்பணுக்களின் மின் துடிப்புகளை அவை பதிவு செய்யும். ஆங்கிலப் பேச்சை 39 ஒலியன்களாகப் பிரித்திருக்கிறார்கள். 80 மில்லி விநாடிக்கு ஒருமுறை, இப்போது எந்த ஒலியனைச் சொல்ல முயல்கிறார் என்று செயற்கை நுண்ணறிவு கணிக்கும். அந்த ஒலியன் வரிசை எந்தச் சொல்லாக இருக்கும், அந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை மொழி மாதிரி முடிவு செய்யும். மூளையின் நிலை நாளுக்கு நாள் சற்றே மாறுவதால், கணினி தன்னைத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

ஹேரலுக்கு முன்பே, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட் பென்னட் என்ற 68 வயதுப் பெண்மணி இந்தப் பாதையைத் திறந்துவிட்டிருந்தார். 2012இல் அவருக்கு நோய் கண்டறியப்பட்டது. 2022 மார்ச்சில் ஜெய்மி ஹெண்டர்சன் என்ற மருத்துவர் அறுவை சிகிச்சை செய்தார். சுமார் நூறு மணி நேரம் பென்னட் பொறுமையாகக் கருவிக்குப் பயிற்சி கொடுத்தார். நிமிடத்துக்கு 62 சொற்கள் வந்தன. அதற்கு முந்தைய சாதனைகளைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆனால் 1,25,000 சொற்களில் பேசும்போது ஏறத்தாழ நான்கில் ஒரு சொல் தவறியது. நான்கு சில்லுகளில் இரண்டை, பேச்சுக்கான இடம் என்று ஒன்றரை நூற்றாண்டாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த ‘ப்ரோக்கா’ பகுதியில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து பயனுள்ள தகவல் எதுவும் வரவில்லை. பக்கத்து இயக்கப் பகுதிச் சில்லுகள் மட்டுமே பேசின. டேவிஸ் குழு நான்கு சில்லுகளையும் இயக்கப் பகுதியிலேயே வைத்ததற்குப் பின்னால் இந்தப் பாடம் இருக்கிறது. பென்னட் தந்த நூறு மணி நேரத்தின் பலனை ஹேரல் அரை மணி நேரத்தில் பெற்றார் என்றே சொல்வேன்.

நாம் சாதாரணமாகப் பேசும்போது, ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 160 சொற்கள் வரை போகும். ஹேரலின் வேகம் சுமார் 32. ‘தண்ணி’ என்பதை இரண்டு விநாடியில் சொல்லிவிடலாம்.

சொல் மட்டுமே பேச்சாகிவிடாது. “சரி” என்பதை இழுத்தால் ஒரு பொருள், வெட்டினால் ஒரு பொருள். 2025 ஜூனில் டேவிஸ் குழுவின் மைத்ரேயி வைரகர் முன்னின்று ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் தொட்டது. எழுத்தாக மாற்றிப் பிறகு படிப்பதை விட்டுவிட்டு, ஹேரலின் மூளைச் சமிக்ஞையை நேரடியாகக் குரலாக மாற்றினார்கள். விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு தாமதம்தான். கேள்வியாக ஏற்றிச் சொல்லவும், ஒரு சொல்லை அழுத்திச் சொல்லவும், எளிய மெட்டை முனகவும் முடிந்தது. பட்டியலில் இல்லாத புதுச் சொல்லும் ஒலித்தது. கேட்டவர்களுக்குப் புரிந்தது சுமார் 60 சதவீதம். கருவி இல்லாத அவருடைய பேச்சில் புரிந்தது 4 சதவீதம். இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய. ஆனால் யாராவது பேசும்போது குறுக்கே புகுந்து “இல்லை இல்லை” என்று மறுக்கும் உரிமை இங்கேதான் திரும்பி வருகிறது. குடும்பத்தில் அதைவிடப் பெரிய உரிமை ஏது?

கண்ணும் நின்ற பிறகு

ஏ.எல்.எஸ். பெரும்பாலும் கண் தசைகளைக் கடைசி வரை விட்டுவைக்கும். செயற்கை சுவாசத்தில் நெடுநாள் வாழ்பவர்களில் சிலருக்குக் கண்ணும் நின்றுவிடும். அப்போது உள்ளே இருப்பவரோடு வெளியுலகுக்கு எந்தத் தொடர்பும் இருக்காது.

ஜெர்மனியில் அந்த நிலைக்கு வந்துகொண்டிருந்த இளம் தந்தை ஒருவருக்கு, 2019இல் மூளையில் இரண்டு சில்லுகள் வைக்கப்பட்டன. திரையைப் பார்க்க அவரால் முடியாது என்பதால், எல்லாம் காது வழியே. தன் நரம்பணுக்களின் துடிப்பைக் கூட்டினால் ஒலி உயரும், ‘ஆம்’. குறைத்தால் தாழும், ‘இல்லை’. கணினி எழுத்துக் கூட்டங்களைப் படிக்கப் படிக்க, அவர் தேர்ந்தெடுத்தார். நிமிடத்துக்கு ஓர் எழுத்து. எல்லா நாளும் முடியாது. முடிந்த நாள்களில் அவர் எழுதியவை: எனக்கு கூலாஷ் சூப் வேண்டும், ‘டூல்’ இசைக்குழுவின் ஆல்பத்தைச் சத்தமாகப் போடுங்கள், என் மகனை நேசிக்கிறேன். 2022 மார்ச்சில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் இது வெளியானது.

இந்தக் குழுவைச் சேர்ந்தவர்களின் முந்தைய ஆய்வு ஒன்று, தரவுகள் சரியில்லை என்று 2019இல் ‘பிளாஸ் பயாலஜி’ இதழால் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். பேச முடியாதவரின் சார்பில் இயந்திரம் ‘ஆம்’ என்கிறது என்றால், அந்த ‘ஆம்’ அவருடையதுதானா என்ற சோதனை மற்ற எந்த மருத்துவ ஆய்வையும்விடக் கடுமையாக இருக்க வேண்டும். சுவாசக் கருவியைத் தொடரலாமா, சொத்தை யாருக்கு எழுதலாம் என்ற கேள்விகளுக்கும் அந்த ‘ஆம்’தான் பதிலாகப் போகிறது.

அப்படிப்பட்ட வாழ்வு வாழத் தகுந்ததா என்று ஆரோக்கியமாக இருப்பவர்கள் கேட்கிறார்கள். உள்ளே இருப்பவர்களையே பெல்ஜியம் ஆய்வாளர்கள் கேட்டார்கள். முழு உடலும் முடங்கிப் பல ஆண்டுகள் வாழ்பவர்களிடம், பெரும்பாலும் பக்கவாதத்தால் அந்த நிலைக்கு வந்தவர்களிடம், நடத்திய கணக்கெடுப்பு 2011இல் வந்தது. பதிலளித்த 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். மகிழ்ச்சிக்குத் துணை நின்றவற்றில் ஒன்று பேச்சு ஓரளவேனும் திரும்பியது.

மனதை வாசிக்கிறதா?

‘மனதைப் படிக்கும் இயந்திரம்’ என்று தலைப்பிடுவது தவறு. ஹேரலின் கருவி அவர் பேச முயல்வதை மட்டுமே பிடிக்கிறது. மனதுக்குள் ஓடும் எண்ணத்தைப் பிடிக்க அது செய்யப்படவில்லை. ஆனால் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு குழு ‘செல்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், வாய்விட்டுச் சொல்ல முயலாமல் மனதுக்குள் சொல்லிக்கொண்ட வாக்கியங்களையும் ஓரளவு கண்டுபிடிக்க முடிந்தது. மிகச் சிறந்த நிலையில் 74 சதவீதம் வரை. நோயாளிக்கு இது வசதிதான், பேச முயல்வதே அவருக்குக் களைப்பு. ஆனால் சொல்ல விரும்பாததும் வெளியே வந்துவிட்டால்? அதற்கு அந்தக் குழுவே ஒரு பூட்டும் செய்தது. ‘சிட்டி சிட்டி பேங் பேங்’ என்ற பழைய சிறுவர் படத்தின் பெயரை மனதுக்குள் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். நல்ல ஏற்பாடு. சட்டம் இதைவிட மெதுவாக நகர்கிறது. 2021இல் மூளைத் தரவுக்குத் தன் அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்புக் கொடுத்தது சிலி நாடு.

நிறுவனங்களும் களத்தில் இறங்கிவிட்டன. சிங்க்ரான் நிறுவனம் மண்டையைத் திறக்காமல், கழுத்து ரத்தக்குழாய் வழியே மூளைக்கு அருகே 16 மின்முனைகளைக் கொண்டுபோய் வைக்கிறது. அதை வைத்துக்கொண்ட ஆஸ்திரேலிய ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவர் 2021 டிசம்பரில் எண்ணத்தாலேயே ட்வீட் செய்தார். ஆபத்து குறைவு, ஆனால் பேச்சைப் பிடிக்கும் அளவுக்குத் தகவல் வராது. 1,024 மின்முனைகள் கொண்ட நியூராலிங்கின் கருவியும் ஏ.எல்.எஸ். நோயாளிக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பி வெளியே தெரியாத கருவி அது. ஹேரலுக்கோ மண்டையோட்டில் திருகிய இணைப்பான்கள் தோலுக்கு வெளியே நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் கேபிளைச் செருக ஆள் வேண்டும். கிருமித் தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் மூடப்பட்டால் என்ன ஆகும்? பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் கருவி வைத்த ‘செகண்ட் சைட்’ நிறுவனம் பண நெருக்கடியில் அதைக் கைவிட்டபோது, 350 பேருக்கு மேல் பழுது பார்க்க ஆளில்லாத கருவியைக் கண்ணுக்குள் சுமந்து நின்றார்கள். மூளைக்குள் வைக்கும் கருவிக்கு ஆயுட்காலப் பராமரிப்பு உறுதியைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. பேச்சைத் திருப்பித் தரும் மூளைக் கருவி எதுவும் அமெரிக்கக் கடைகளில்கூட இன்று விற்பனைக்கு இல்லை. எல்லாம் ஆய்வுச் சோதனையில் மட்டுமே.

நம் பக்கம் என்ன இருக்கிறது?

இந்த நோய்க்குச் சென்னையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள் இளம் வயதினரிடம் கண்ட ஒரு தனி வகையை விவரித்தார்கள். உலக மருத்துவ நூல்களில் அது ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. பெரும்பாலும் தென்னிந்தியாவில் காணப்படுவது, மெதுவாக முற்றுவது, முகமும் நாக்கும் பலவீனமாவதோடு காதும் கேட்காமல் போவது. அப்படிப்பட்டவருக்கு, ஜெர்மனியில் செய்ததுபோல் காது வழியே எழுத்தைச் சொல்லிக் கேட்கும் முறை உதவாது. நம் நோயாளிகளுக்கு எது பொருந்தும் என்பதை நாம்தான் ஆராய வேண்டும்.

மொழியும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு 1,25,000 சொற்கள் போதுமானதாக இருக்கலாம். தமிழில் ‘வந்துட்டாங்களான்னு’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு வாக்கியமே அடங்கியிருக்கிறது. அச்சில் வரும் தமிழைப் படித்துப் பழகிய மொழி மாதிரியிடம், நோயாளி “வேணும்” என்று சொல்ல முயன்றால் அது தடுமாறும். நாகர்கோவில்காரரும் மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே மாதிரியா பேசுகிறார்கள்? வீட்டுப் பேச்சின் ஒலிப்பதிவுகள் வட்டார வாரியாகத் திரட்டப்பட்டு, ஆய்வுக்குத் திறந்து வைக்கப்பட வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் கோடிகள் ஆகலாம். இதற்கு அவ்வளவு ஆகாது. நம் பல்கலைக்கழகங்கள் நாளையே தொடங்கலாம்.

சில்லு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். யசுஹிகோ ஃபுனாகோ என்ற ஜப்பானியர் முற்றிய ஏ.எல்.எஸ். நோயோடு, சுவாசக் கருவியோடு, 2019 ஜூலையில் ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய பெரிய சக்கர நாற்காலிக்காக நாடாளுமன்றம் தன் வாசலையும் இருக்கைகளையும் மாற்றி அமைத்தது. அவர் பேசும் கருவிகளில் ஒன்று, எழுத்துகள் அச்சிட்ட கண்ணாடி போன்ற பலகை. உதவியாளர் அதை இருவர் முகத்துக்கும் நடுவே பிடித்து, அவருடைய பார்வை எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறார்.

அந்தப் பலகையைத் தமிழில் வீட்டிலேயே செய்யலாம். கெட்டியான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று, மார்க்கர் பேனா ஒன்று. மேலே உயிரெழுத்து, கீழே மெய்யெழுத்து, மூலையில் ‘ஆம்’, ‘இல்லை’, ‘வலிக்குது’, ‘சளி எடு’, ‘திருப்பிப் படுக்க வை’. பிடிப்பவர் நோயாளியின் கண்ணுக்கு நேரே தன் கண்ணை வைத்து, பலகையை மெல்ல நகர்த்த வேண்டும். இருவர் பார்வையும் ஒரே எழுத்தில் சந்திக்கும் இடம்தான் விடை. முதல் வாரம் இருவருக்கும் எரிச்சல் வரும். பழகிவிட்டால், பாதிச் சொல்லிலேயே மீதி புரிந்துவிடும். ஆனால் அவர் முடிக்கும் முன் நாமாக முடித்துவிடக் கூடாது. அது அவருடைய வாக்கியம்.

கண் அசைவைப் பின்தொடரும் கணினிகள் லட்சங்களில் விற்கின்றன. அரசு மருத்துவமனைகளும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் அவற்றை வாங்கி இரவலாகக் கொடுக்கலாம். ஒருவர் பயன்படுத்தி முடித்ததும் அடுத்தவருக்குப் போகும். பேச்சுக்கு உதவும் செயலிகளில் உலக அளவில் அறியப்பட்ட ‘ஆவாஸ்’ சென்னையில் உருவானதுதான். பேச வராத குழந்தைகளுக்காகப் பிறந்த அது, தமிழிலும் பேசுகிறது. செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

இப்போது அந்த ஒலிப்பதிவுக்கு வருகிறேன். ஹேரல் தன் சொந்தக் குரலில் மகளோடு பேச முடிந்ததற்குக் காரணம், நோய்க்கு முன்பு அவர் பேசிய பதிவுகள் கையில் இருந்ததுதான். பதிவு செய்து வைக்க அறுவை சிகிச்சையும் வேண்டாம், சில்லும் வேண்டாம். குரலை நகலெடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. நாளை எந்தக் கருவி வந்தாலும் அதற்கு முதலில் தேவைப்படுவது அசல் குரல். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் பேச்சு வல்லுநர் ஜான் காஸ்டெல்லோ, ஒருவர் அன்றாடம் சொல்லும் சொற்றொடர்களை அவர் குரலிலேயே, அவருடைய தொனியிலேயே சேமித்து வைக்கும் முறையை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். மோட்டார் நியூரான் நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அன்றே இதையும் அவர் சொல்லிவிட வேண்டும். குழறல் தொடங்கிய பிறகு எடுக்கும் பதிவில் குழறலும் சேர்ந்தே பதிவாகும்.

உங்கள் வீட்டிலோ தெரிந்த வீட்டிலோ ஒருவருக்கு இந்த நோய் என்று தெரிந்திருந்தால், அவருடைய பழைய கல்யாண வீடியோக்களையும் வாட்ஸ்அப் குரல் செய்திகளையும் அழியாத இடத்தில் சேர்த்து வையுங்கள். இன்னும் பேச முடிகிறவர் என்றால், சத்தமில்லாத அறையில் கைபேசியின் ரெக்கார்டரைத் திறந்து வைத்து, அவரைப் பேச விடுங்கள். செய்தித்தாளைப் படிக்கட்டும், ஊர்க்கதை சொல்லட்டும், திட்டட்டும், சிரிக்கட்டும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அவர் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடச் சொல்லுங்கள். தள்ளிப் போடாதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள்.